ஒன்பதைத் தொலைத்த உளுவத்தலையன்

ஜூன் 30, 2025, திங்கள் – தாராவி

மும்பையில் ரயிலை விட்டு இறங்கியதுமே தோற்பாவைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்கேனரில் என்ன தெரிந்ததோ, ஒரு காவலர் தகரப் பெட்டியைத் தட்டி, “சம்டா?” என்றார். தோலா என்று கேட்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015-லிருந்து மாட்டு விஷயத்தில் கெடுபிடி உள்ள மாநிலம் இது. இது ஆட்டுத்தோல் என்று எந்த மொழியில் விளக்குவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கூத்துக்கார அண்ணாச்சி மூடியைத் தூக்கிவிட்டார். மேலாக இருந்தது பிள்ளையார். பெட்டிக்குள் பாவைகளை எப்படி அடுக்கினாலும் பிள்ளையார்தான் மேலே இருப்பாராம். காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். போகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் நால்வர். தோற்பாவைக்கூத்து ஆடும் அண்ணாச்சி, ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடும் அவர் மனைவியான மைனி, மிருதங்கத்துக்கு அவர்கள் பையன், அப்புறம் நான். நான் குமரி மாவட்டத்தில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். தாராவித் தமிழ் இளைஞர்கள் சிலர் பணம் திரட்டி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பாவைகளைக் கொண்டு பாடம் நடத்தலாமா என்று கேட்டார்கள். கதை எழுதும் வேலை என்னுடையது. டெல்லியில் 1979-இல் தொடங்கிய சிசிஆர்டி என்ற மத்தியப் பயிற்சி மையத்தில் ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டப் பயிற்சி உண்டு. கையுறைப் பாவை, கோல் பாவை, நூல் பாவை, நிழல் பாவை என்று எல்லாம் அங்கே கற்றவன் நான். சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் திமிரும் கூடவே ரயிலேறியது.

டாக்ஸிக் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய் என்றார்கள். பெட்டிக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து 200 ஆனது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கடைப் பலகைகளில் தமிழ், தெருவில் திருநெல்வேலிப் பேச்சு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்பது போலத்தான் இருந்தது, ஆனால் அங்கே இவ்வளவு நெரிசல் கிடையாது. என் சித்தி மகள் இங்கே வாக்கப்பட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. பத்துக்குப் பதினைந்து வீடு, மேலே ஒரு பரண். கதவில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக எழுதிய எண்.

“அண்ணே, காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வரும். அப்பமே குளிச்சிரணும். அப்புறம் கேக்கப்பிடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ராத்திரிக்குப் பொம்பில் மீன் பொரித்திருந்தாள். வாயில் வைத்தால் முள் இருப்பதே தெரியவில்லை. நம்மூர் நெத்திலிக்கு ஈடாகாது என்று மனசு சொன்னாலும் கை நிற்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய் – முதல் ஆட்டம், முழுத் தோல்வி

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் தமிழ், இன்னொன்றில் மராத்தி, அடுத்ததில் உருது. மாடிப்படியில் ஏறும்போது வாய்ப்பாடு மூன்று விதமாகக் காதில் விழுகிறது. நாங்கள் போன பள்ளியின் பெயர் வேண்டாம். தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள் என்றார் டீச்சர். இதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். பாதிப் பெற்றோர் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடுகிறார்களாம்.

ஒன்று முதல் நான்கு வகுப்புவரை எழுபது பிள்ளைகள் இருக்கும். ஜன்னல்களில் நீலத் தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கினோம். வேட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு. அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், இப்போது பல்பு.

நான் எழுதிய கதை இப்படி: ராமர் அனுமனைப் பார்த்து, “அனுமா, கூட்டல் என்றால் யாது?” என்று கேட்பார். அனுமன் விளக்குவார். ரயிலிலேயே அண்ணாச்சி சொன்னார், “சார், ராமரு கணக்குக் கேக்க மாட்டாருல்லா.” நான் காதில் வாங்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் முன்வரிசைப் பையன் தூங்கிவிட்டான். பத்தாவது நிமிடம் பின்வரிசை எழுந்து திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டது. “யாது” என்ற சொல் அங்கே ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு மேல் பாவைகள் வேறு காலை வாரின. மும்பை ஈரக்காற்றில் தோல் நமுத்துவிட்டது. சீதையின் கை நமுத்த அப்பளம் மாதிரித் தொங்கியது. அனுமனின் வால் திரையில் ஒட்டவே இல்லை. பாவை திரையோடு ஒட்டி நின்றால்தான் நிறமும் துளை வேலைப்பாடும் தெளிவாகத் தெரியும். விலகினால் வெறும் புகைதான். மைனி பாட்டை இழுத்து இழுத்துச் சமாளித்தார். முடிந்ததும் டீச்சர் மரியாதையாகக் கைதட்டினார். பிள்ளைகள் தட்டவில்லை.

மதியம் வடாபாவ், ஒன்று 20 ரூபாய். பச்சை மிளகாயை மட்டும் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். மிளகாயால் வந்த தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 2, புதன் – தோல் தெரிந்தவர்

இன்று ஆட்டம் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. பாவைகளைப் பரணில் பரப்பி ஃபேன் போட்டால் ஈரம் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிரப் போகவில்லை.

தங்கையின் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். “தோலுக்கு வைத்தியம் பாக்கணும்னா தாராவிய விட்டா வேற ஊரு உண்டா?” இங்கே தோல் பதனிடும் தொழிலுக்கென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பே வந்தவர்கள் உண்டு. பதனிடும் கிடங்குகள் இப்போது இல்லை, பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர். தாத்தா தென்காசிப் பக்கமாம், இவர் ஊரைப் பார்த்ததே நான்கு முறைதானாம்.

அண்ணாச்சி ஒரு பாவையைக் கையில் கொடுத்தார். பெரியவர் அதை முகத்துக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஓரத்தை மெல்ல உருட்டினார். பிறகு மூக்கில் வைத்து மோந்தார்.

“இது பதம் போடாத தோலுல்லா?”

“ஆமா. ஊறப் போட்டு, மயிரச் சொரண்டி, முளையடிச்சு இழுத்துக் கட்டிக் காய வப்போம். அம்புட்டுதான்.”

“அதான் கண்ணாடி மாதி இருக்கு. பதம் போட்டா வெளிச்சம் உள்ள போகாது. பதம் போடாட்டி ஈரம் உள்ள போயிரும். ஒண்ணு வேணும்னா ஒண்ண விடணும்.”

நாற்பது வருடமாகப் பாவை ஆட்டுகிற அண்ணாச்சி, இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். வைத்தியம் எளிதுதான். காய்ந்த செய்தித்தாளுக்கு நடுவில் ஒவ்வொரு பாவையாக வைத்து, இரண்டு பிளைவுட் பலகைக்கு இடையில் கனம் ஏற்றி, பக்கத்தில் நூறு வாட் குண்டு பல்பு. எல்இடி ஆகாது, அதில் சூடு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். குண்டு பல்பு தேடி ஐந்து கடை ஏறினோம். கடைசியில் கிடைத்தது கோழிக்கடையில், அதுவும் இரவல்.

பெரியவர் காசு வாங்கவில்லை. “அனுமாரு வாலு ஓரத்துல ஒரு தையலு விட்டிருக்கு, போட்டுத் தாரேன்” என்று மெழுகு நூலால் நான்கு தையல் போட்டுக் கொடுத்தார். அந்த நான்கு தையலும் எத்தனை நேர்!

ஜூலை 3, வியாழன் – ஒன்பது எங்கே?

பாவைகள் விறைத்து நின்றன. நான் எழுதிய தாள்களை அண்ணாச்சி இன்று கேட்கவே இல்லை. “சார், எதச் சொல்லிக் கொடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பத்துப் பத்தாக எண்ண வேண்டும், நூறு வரை, என்றேன்.

அவர் எடுத்தது சேது பந்தனம், இலங்கைக்குப் பாலம் கட்டும் கட்டம். குரங்குப் படை கல் சுமந்து வருகிறது. கணக்குப் பார்க்கும் மேஸ்திரி உளுவத்தலையன். எங்கள் பக்கத்துக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்தான் கோமாளிகள். ராமாயணத்தில் அவர்களுக்கு இடம் கிடையாது, ஆனால் அவர்கள் இல்லாமல் ராமாயணம் நகராது.

“ஏழு, எட்டு, பத்து! சரியா இருக்கு, கல்ல எறக்கு!”

ஒரு பிள்ளை மெதுவாக, “ஒன்பது” என்றது.

உளுவத்தலையன் சட்டென்று திரும்பினான். “யாருலே அது? ஒன்பதா? அது எந்த ஊரு?”

அவ்வளவுதான், அறை கிழிந்தது. “எட்டுக்கு அப்புறம் ஒன்பது!” என்று எழுபது தொண்டை. “அட, எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல எலி போகக்கூட எடம் இல்லியே, அங்க எப்பிடி ஒருத்தன் இருப்பான்?” என்கிறான் அவன். ஒரு சின்னப் பெண் எழுந்து திரைக்கே வந்து, விரலை மடக்கி மடக்கி அவனுக்கு எண்ணிக் காட்டினாள். உச்சிக்குடும்பன் வந்து, “ஏ மூதி, ஒன்பதத் தின்னுட்டியா?” என்று மண்டையில் ஒன்று வைத்தான். மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கை. இப்போது எண்ணுவது பிள்ளைகள், தப்புப் பண்ணுவது மட்டும் அவன்.

எண்பத்தொன்பது வந்தது. அண்ணாச்சி வேண்டுமென்றே இழுத்தார். “எண்பத்து... எண்பத்திப்பத்து!”

இந்த முறை பாதிப் பேர் பேசாமல் இருந்துவிட்டார்கள். சரிதான் போல என்று நினைத்திருப்பார்கள். இங்கேதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கடையில் சில்லறை எண்ண இந்தி, பள்ளியில் தமிழ். இருபத்தைந்து என்றால் நாம் இருபதை முன்னால் சொல்கிறோம், ‘பச்சீஸ்’ என்றால் ஐந்து முன்னால் வருகிறது. 25-ஐ 52 என்று எழுதுகிறார்கள் என்று டீச்சர் முந்தாநாள் அலுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அதிலும் நம் தொண்ணூறு ஒரு தனிப் பிறவி. எண்பதுக்குள் எட்டு தெரிகிறது, தொண்ணூறுக்குள் ஒன்பதைத் தேடினாலும் கிடைக்காது, நூறு வேறு வந்து நிற்கிறது. முப்பத்தைந்து வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு நாளாவது இது கஷ்டமான சொல் என்று நினைத்ததில்லை.

“நப்பே!” என்றாள் ஒரு பெண், இந்தியில்.

“நப்பேயா? எங்க பாட்டி நவ்வத்னுல்லா சொல்லுவா?” என்றான் உளுவத்தலையன்.

வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த மராத்தி ஆயா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

கடைசியில் பின்சுவரோரம் இருந்த ஒரு பையன், யாரையும் பார்க்காமல், “தொண்ணூறு” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டது உளுவத்தலையன்தான், டீச்சர் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. “அம்மா எண்ணுவா. இட்லி.” காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கும் குடும்பம். தாராவியிலிருந்து அப்படி நகரமெங்கும் இட்லி போகிறது. விடியற்காலை அண்டாவில் அம்மா நூறு நூறாக எண்ணிப் போடும்போது தூக்கத்திலேயே கேட்டிருப்பான்.

பள்ளி திறந்து இத்தனை நாளில் அவன் வாய் திறந்தது இன்றுதான் என்றார் டீச்சர். பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், அற்புதம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

மாலையில் டீச்சர் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை டீ, வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்: “நீங்க ஞாயித்துக்கிழமை ரயிலேறிருவிய. திங்கக்கிழமை இந்த எழுபது பேரையும் வச்சிக்கிட்டு நான்தான சார் ஒன்பதத் தேடணும்?” நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அண்ணாச்சி, “எக்ஸ்ரே படம் கெடைக்குமா டீச்சர்?” என்றார்.

ஜூலை 4, வெள்ளி – எக்ஸ்ரே, விட்டல், பாணி

தெருமுனை டாக்டரிடம் பழைய எக்ஸ்ரே படங்கள் ஒரு கட்டு கிடைத்தன. பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் கறுப்பு கரைந்து வெறும் கண்ணாடித் தாள் ஆகிவிடுகிறது. (பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து நாங்களே செய்தோம், நெடி ஆளைக் கொல்லும்.) அதில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து வெட்டி, விளக்குமாற்றுக் குச்சியை ஒட்டினால் பாவை தயார். ஈரத்துக்கு நமுக்காது. அண்ணாச்சி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நம்ம தொழிலுக்கு நாமளே குழி தோண்டுதோம் சார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முழுசாகச் சிரிக்க வரவில்லை.

டீச்சருக்கு உளுவத்தலையன் குரல் வரவில்லை. மூக்கால் பேசிப் பார்த்தார், பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. இட்லிக்காரப் பையனுக்கு வந்தது.

ஞாயிறு ஆஷாட ஏகாதசி என்பதால் கீழ்மாடி மராத்திப் பிள்ளைகள் பண்டரிபுரத்து விட்டல், ருக்மாயி வேடம் போட்டு ஊர்வலம் வந்தார்கள். எட்டு முழ வேட்டியில் தடுக்கி விழப்போன ஒரு விட்டலை எங்கள் மைனி தூக்கிவிட்டு, தன் பையனிடம், “பாணீ தே” என்றார். தண்ணீர் கொடு என்று. ஆயா அப்படியே நின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். குமரிப் பக்கத்தில் தோற்பாவைக்கூத்து ஆடுகிறவர்கள் மண்டிகர். வீட்டில் பேசுவது ஒரு வகை மராத்தி. நேற்று உளுவத்தலையன் சொன்ன ‘நவ்வத்’ அங்கிருந்து வந்ததுதான். 1676-க்குப் பிறகு தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தை ஒட்டித் தெற்கே வந்தவர்கள் என்பது அவர்கள் குடும்ப வழக்கு. மேடையில் ராமர் பேசுவது சுத்தத் தமிழ், திரைக்குப் பின்னால் “அந்தப் பாவைய எடு” என்பது மராத்தி. ரயிலில் இரண்டு நாள் கூடவே வந்தும் இதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. இங்கே வந்ததும்தான் ஆயாவும் மைனியும் படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்கள். பாதிதான் புரிந்ததாம் இரண்டு பேருக்கும். “எங்க பாட்டி பேசுறதக்கூட இப்பிடிக் கேட்டதில்ல, அம்புட்டுப் பழசு” என்று ஆயா சொன்னதை டீச்சர் தமிழில் சொன்னார். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாவது மொழியாக இந்தியைக் கொண்டுவந்த அரசாணைகளை போன ஞாயிற்றுக்கிழமைதான் மகாராஷ்டிர அரசு திரும்பப் பெற்றிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. இந்தப் படிக்கட்டில் மட்டும் வேறு கதை நடந்துகொண்டிருந்தது.

மராத்திப் பிரிவு ஆசிரியர் ஒருவர் வந்து, சிந்துதுர்க் மாவட்டத்தில் பிங்குளி என்ற ஊரில் தாக்கர் மக்கள் இதேபோலத் தோல் பாவையும் நூல் பாவையும் ஆடுவதாகச் சொன்னார். அங்கிருந்து பரசுராம் கங்காவணே என்பவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததாம். அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி: “அவங்க அனுமாருக்கு என்ன கலரு?”

ஆசிரியருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு அது பெரிய குறை.

ஜூலை 5, சனி – மாட்டுங்கா

காலையில் இன்னொரு பள்ளியில் ஓர் ஆட்டம். நன்றாகப் போனது. கடைசியில் ஃபியூஸ் போய்விட, செல்போன் வெளிச்சத்தில் பாலத்தைக் கட்டி முடித்தோம்.

பகலில் வொர்லியில் பெரிய கூட்டம், தாக்கரே சகோதரர்கள் உத்தவ், ராஜ் இருவரும் ஒரே மேடை ஏறியதாகச் சாயங்காலமும் டீக்கடை டீவி அலறியது. நாங்கள் எதிர்த் திசையில் பஸ் ஏறினோம். மே மாதம்தான் குறைந்தபட்ச டிக்கெட்டை 5-லிருந்து 10 ஆக்கினார்களாம், தங்கை இன்னும் ஆறவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் உணவக வாசலில் முக்கால் மணி நேரம் வரிசை. ரசவடை வந்ததும் அண்ணாச்சி ரசத்தை முதலில் குடித்துவிட்டு வடையைத் தனியாகச் சாப்பிட்டார். பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர், “அப்படிச் சாப்பிடப்படாது, ஊறணும்” என்று பாலக்காட்டுத் தமிழில் கண்டித்தார். மறு தட்டு அவர் சொன்னபடி. உண்மைதான், ஊறணும்.

இளைஞர்கள் பயணச் செலவு போக மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தது பதினைந்தாயிரம். அவர்களே ஆட்டோவும் டெலிவரியும் ஓட்டிச் சேர்த்த காசு, குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் ஒரு வாரத்துக்கு மூன்று கலைஞர்களுக்கு அது போதாது என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 7, திங்கள் – ரயிலில், குண்டக்கல் தாண்டி

நேற்று ராத்திரி ஏறினோம். வெயில் அடிக்கிறது, காற்று காய்ந்திருக்கிறது. அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பாவைகளுக்குக் காற்றுக் காட்டினார். எதிர் சீட்டுக் குழந்தை பத்துத் தலை ராவணனைப் பார்த்து அழ, மறுபடி மூடினார்.

மதியம் டீச்சரிடமிருந்து குரல் பதிவு. பின்னால் ஒரே கூச்சல்.

“சார், நல்ல வேலை பண்ணிட்டுப் போயிருக்கிய. காலைல வரிசைல நின்னு நம்பர் சொல்லச் சொன்னேன். ஏழு, எட்டு, பத்துங்கான். ஒன்பதாவதா நிக்கவன் வாயே தெறக்க மாட்டேங்கான், என்னய எலி தின்னுட்டுங்கான். திருப்பித் திருப்பி நாலு தடவ. இப்பம் எல்லாரும் ஒன்பதாவது எடத்துல நிக்கதுக்கு அடிச்சுக்கிடுதுவ. நான் என்ன செய்ய?”

அண்ணாச்சி போனைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டார். அப்புறம் மைனியிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். மைனி விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அது தமிழ்ல வராது சார்” என்றார்.